ஒரகடத்தில் ஒரு ஹைபால்

விஸ்கியும் கோலாவும் கலந்த ஹைபால் என்ற பானத்துக்கு மொத்தம் மூன்றே பொருள்கள்: ஐஸ், விஸ்கி, கோலா. அடுப்பு பற்றவைக்க வேண்டாம், உப்பு பார்க்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். வெந்நீர் போடுவதற்கு அடுத்தபடி சுலபமான காரியம் இதுதான் என்கிறார்கள். இருக்கலாம். நான் ஒரே ஒருமுறைதான் செய்தேன். அதற்கு இரண்டு மன்னிப்புக் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்றில் எனக்கு வயது இருபத்தாறு. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெயினி. டிப்ளமா படித்தவன் என்ற கர்வம் பெர்மனென்ட். வேலை பெர்மனென்ட் ஆகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் புதிதாக வந்திருந்த மேனேஜர் வரதராஜன். பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தவர். அவர் பேசும் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியாது. (மீதிப் பாதியும் புரியாது. ஆனால் தலையாட்டிவிடுவேன்.)

ஒருநாள் கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்காரும்போது, பக்கத்து மேஜைக்காரர்களோடு எதையோ பேசிக்கொண்டிருந்த மேனேஜர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா தேவராஜ், ஹை பால் எல்லாம் சமாளிப்பியா?"

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்! லேத் ஓட்டும் ஏழுமலை, கம்பெனிக்கு வருமுன் மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் பார் வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்காரர்கள் சாயந்திரமானால் குடிக்கும் ஹைபாலைப் பற்றி அவன்தான் ஒருமுறை வாயில் நீர் ஊறச் சொல்லியிருந்தான். சாராய வாடை வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஜாதி நான். ஆனால் கேட்பது யார்? கையெழுத்துப் போடும் கை!

"ஞாயித்துக்கிழமையானா வீட்ல அதான் சார்" என்றேன்.

"வீட்லயா? யார்கூட?"

"வொய்ஃப்கூடதான் சார். எனக்கே அவங்கதான் கத்துக்குடுத்தாங்க."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே! வரிசையா எத்தனை வரைக்கும் தாங்குவே?"

"பத்து வரைக்கும் அசால்ட்டா சார்."

"கீழ விடாம?"

"ஒண்ணுகூட கீழ விட்டதில்ல சார்."

அவர் என் தோளில் தட்டினார். "இந்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உன் வீட்டுக்கு வரேன். என் கண்ணால பார்க்கணும்."

நேராக ஏழுமலையிடம் ஓடினேன்.

"ஒண்ணியும் இல்லபா" என்றான். "கிளாஸ்ல ஐஸ் போடு. ஒரு பங்கு விஸ்கி, மூணு பங்கு கோலா. ஸ்பூனால ஒரு சுத்து. இத்தப் போயி எவனாவது கெடுப்பானா?"

ஒரகடத்தில் எங்களுடையது ஒற்றை அறையும் சமையல்கட்டும் கொண்ட வாடகை வீடு. கல்யாணமாகி ஐந்து மாதம். என் மனைவி ஸ்டெல்லா பக்கத்து ஊர்க்காரி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். விஷயத்தை முழுதாகச் சொல்லும் தைரியமில்லாமல், "மேனேஜர் வரார், ஹைபால் கலக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னா பாலு? பசும்பாலா, எருமைப்பாலா?"

நெளிந்துகொண்டே விளக்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேல பெர்மனென்ட் ஆவறதுக்கு வூட்டயே பிராந்திக் கடையா ஆக்கப்போறியா? செய். ஆனா நான் அந்த பாட்லத் தொடமாட்டேன்."

ஞாயிறு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் போனேன். பிராந்திக் கடையில், யாரும் கேட்காமலேயே "மருந்துக்கு" என்று சொல்லி அரை பாட்டில் விஸ்கி வாங்கினேன். கடைக்காரர் "எல்லாரும் மருந்துக்குத்தான் சார் வாங்கறாங்க" என்றார். பெட்டிக்கடையில் கோலா ஆறு பாட்டில். அவற்றைக் கேரியரில் கட்டி, ஒரகடம் வரை அந்த ரோட்டின் ஒரு பள்ளம் பாக்கிவிடாமல் இறங்கி ஏறி வந்தேன். பாட்டில்கள் வழி முழுக்கக் கடகடவென்று ஆடின. குலுக்கினால் நன்றாகக் கலக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (டிப்ளமா!)

அடுத்தது ஐஸ். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது. தெருவில் ஐஸ் வைத்திருந்த ஒரே ஆள் மீன்கார பாக்கியம் அக்கா. கூடையில் வஞ்சிரத்தின் அடியிலிருந்து ஒரு கட்டியை உருவிக் கொடுத்தது. மூன்று தண்ணீரில் கழுவினேன். கழுவக் கழுவ ஐஸ்தான் குறைந்தது, வாசனை குறையவில்லை.

ஏழுமலை சொல்லாமல் விட்ட ஒன்றை நானே கண்டுபிடித்திருந்தேன். 'ஹை' என்றால் உயரம். ஆகவே கோலாவை உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதில்லையா, அதுபோல! பச்சைத் தண்ணீரில் பத்து முறை பயிற்சி எடுத்தேன்.

சரியாக நாலு மணிக்கு அம்பாசடர் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், காலில் கேன்வாஸ் ஷூ. ஹைபால் குடிக்கக் கனவான்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் போலிருக்கிறது என்று வியந்தேன்.

"எங்க, வீட்டுக்குப் பின்னாடியா?" என்று கேட்டார்.

"இல்ல சார், உள்ளதான்."

"உள்ளயா? இடம் பத்துமா?"

"ஒரு மேஜை போதும் சார்."

குழம்பிய முகத்தோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், ஸ்டெல்லாவைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதான் இவருக்குக் கோச்சாமே?"

"இன்னா கோச்சு?" என்றாள் ஸ்டெல்லா.

பேச்சை வளரவிட்டால் ஆபத்து. நான் அவசரமாகக் கண்ணாடி டம்ளரில் ஐஸைப் போட்டு, விஸ்கியைத் தாராளமாக ஊற்றினேன். "என்னப்பா இது?" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, கோலா பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கி, கம்பெனி ஸ்பேனரால் மூடியை நெம்பினேன்.

மூடி கூரையில் போய் அடித்தது. ஆறு மைல் பள்ளம் மேட்டில் வாங்கிய கோபத்தையெல்லாம் அந்த பாட்டில் நுரையாகக் கக்கியது. பதறிப்போய் வாயை உள்ளங்கையால் அடைத்தேன். விரலிடுக்கு வழியாக அது குறிபார்த்து மேனேஜரின் நெஞ்சில் பீய்ச்சியது. என் முழங்கை தட்டி டம்ளர் அவர் மடியில் கவிழ்ந்தது. ஐஸ், விஸ்கி, கோலா எதுவும் குறையாமல் முழு ஹைபாலும் மேனேஜர்மேலேயே தயாராகிவிட்டது.

அவர் மெல்ல எழுந்தார். பாக்கெட்டிலிருந்து நனைந்த சிவப்புக் கிரிக்கெட் பந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உயரமா வர்ற பந்தைப் பிடிப்பியான்னு கேட்டேன்டா. கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்கறேன்."

ஸ்டெல்லாதான் துண்டை நீட்டினாள்.

"நான் காபிகூடத் தொடமாட்டேன்மா" என்று அவளிடம் அழாக்குறையாகச் சொன்னார். "இப்படியே வீட்டுக்குப் போய் வொய்ஃபை ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வேற அழைச்சுக்கிட்டுப் போகணும்."

மறுநாள் காலை நான் போவதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி போயிருந்தது. மேனேஜர் ஒரகடத்தில் தண்ணி போட்டுவிட்டு நனைந்துபோய்த் திரும்பினாராம். அம்பாசடர் டிரைவரே மூக்கால் சாட்சி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"உக்காரு. என் வொய்ஃபுக்கு லெட்டர் எழுது."

எழுதினேன். "மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, நேற்று மாலை தங்கள் கணவர் என் வீட்டில் மது அருந்தவில்லை. மேற்படி மது என்னால் அவர்மேல் ஊற்றப்பட்டது. இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள தேவராஜ்."

செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிட்டார். "விஸ்கியை ஒருவழியா நம்பிட்டா. மீன் வாசனை எப்படி வந்துச்சுன்னு கேக்கறா. எங்க வீட்ல முட்டைகூட வாங்க மாட்டோம்." இரண்டாவது கடிதத்தில் பாக்கியம் அக்காவின் கூடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன்.

டீம் பட்டியலில் என் பெயர் இல்லை. விளையாடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலைக்காவது போகட்டுமே என்று யாரோ சொன்னார்களாம். "தண்ணியா? அவனா?" என்று மேனேஜர் கத்தியது ஷாப் ஃப்ளோர் வரை கேட்டது. ஆனால் மூன்றாவது மாதமே என்னை பெர்மனென்ட் செய்துவிட்டார். என் திறமையைக் கண்டு அல்ல. வெளியே அனுப்பினால் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன் என்ற பயம். நானும் அவர் ரிட்டயர் ஆகும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கண்டிப்பான மனிதர். கூல்டிரிங்க்ஸ் தட்டோடு நான் அருகே போனபோது, தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. சம்பந்தி குடிப்பாரா?"

"சேச்சே, அவுரு குடிக்கமாட்டாருங்க" என்றாள் ஸ்டெல்லா. "வர்றவங்க மேலதான் ஊத்துவாரு."

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். சம்பந்தியான பிறகும், இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த இடைவெளியை விட்டுத்தான் உட்காருகிறார்.