சென்னை–சிங்கப்பூர், மாவுக் கணக்கில்

விமானத்தில் எத்தனை மணி நேரமாகும் என்று யாராவது கேட்டால் வாயே திறக்க மாட்டேன். ஒருமுறை திறந்து பட்டது போதும்.

அக்காவுக்குச் சிங்கப்பூரில் வளைகாப்பு. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. அதனால் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பிறந்த வீட்டுச் சார்பாக நான் மட்டும் கிளம்பினேன். பெட்டியில் அம்மா கடைகடையாக ஏறி இறங்கி எடுத்த பச்சைப் பட்டுப்புடவை. பக்கத்திலேயே அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட வீட்டு இட்லி மாவு, அப்போதுதான் அரைத்தது.

அம்மா தூக்குச்சட்டியில் பாதிதான் ஊற்றினாள். நான் கழுத்துவரை ஊற்றினேன்.

“எலே, மாவு பொங்கும்லே!” (ஆவடிக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அம்மாவுக்குத் திருநெல்வேலி போகாது.)

“மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லம்மா. நாலு மணி நேரம். மாவு கண்ணு முழிக்கறதுக்குள்ள இறங்கிடுவேன்” என்று செல்போனைக் காட்டினேன்.

“அது ஏரோப்ளேன் கணக்கு. வீட்டுலேருந்து வீட்டுக்குக் கணக்கு போடு.”

(படித்த பிள்ளைக்குக் காதில் ஏறுமா?)

காட்டுப்பாக்கத்திலேயே டாக்ஸி வெயிலில் நின்றுவிட்டது. ஏர்போர்ட்டில் காத்திருப்பு. அப்புறம் விமானம் தாமதம். மாவு மட்டும் தாமதமில்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஊர் ஆவடிப் பக்கம் கரையான்சாவடி. நான் ஆவடி என்றதும், “நம்மாளு!” என்று தோளில் தட்டினார். சிங்கப்பூரில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்து நின்றபோதும் அவர் என் பக்கத்தில்தான்.

“அண்ணாத்தே, ஒரு பொட்டி நுரை தள்ளிகினு வருது பாரு!”

“ஐயோ பாவம், யாரோ” என்றேன். பெட்டி என்னைத் தாண்டிப் போய், ஒரு சுற்று சுற்றி, மறுபடி வந்தது. அடையாளத்துக்காக அம்மா அதில் நெயில்பாலிஷால் ‘ஆவடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

“ஆவடின்னு போட்டுகீதே. உன்துதானே மாமே?”

கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. இழவெடுத்த பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

அக்கா வீட்டில் பெட்டியைத் திறந்தால், முந்தானை முழுக்க மாவு. அவசரமாகத் துடைத்ததில் திட்டு இன்னும் பெரிதானது. விடிந்தால் வளைகாப்பு. நிஜமாகவே அழுதுவிட்டேன்.

“டேய் லூசு, கீழ்க் கடையிலயே மாவு பாக்கெட்டுல கிடைக்குது” என்று கத்தினாள் அக்கா. தூக்கில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. “ஆனா இது அம்மா அரைச்சதுடா.” அடுப்படியில் நின்றபடியே அந்தப் புளித்த மாவில் தோசை வார்த்துச் சுடச்சுடச் சாப்பிட்டாள்.

மறுநாள் வேறு புடவை கட்டச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். அக்கா கேட்கவில்லை. வீடியோ காலில் அம்மா உற்றுப் பார்த்தாள்.

“முந்தியில என்னட்டி வெள்ளையா?”

“புது டிசைன்மா.”

“அந்த டிசைனை நான் தெனமும் கிரைண்டர்ல பாக்கேன்” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அக்கா மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஊருக்கு வந்திருக்கும்போது, பூந்தமல்லிக்கு அரை மணி நேரம்தான் என்று நான் சொன்னால்கூட அவள் விடுவதில்லை.

“மாமா, இது ப்ளேன் கணக்கா, மாவுக் கணக்கா?”