பதவி இல்லாத ஒரே உறுப்பினர்

இஸ்திரிக்காரர் பெட்டியைச் சூடாக்கினால் பேக்கரிக்காரரின் அடுப்பு அணைந்தது. பேக்கரி அடுப்பு எரிந்தால் தெரு முழுக்க மின்விசிறி நின்றது. தெருக்காரர்கள் சங்கம் அமைத்து, பங்கு போட்டு மொட்டைமாடிகளில் வைத்த சூரியத் தகடுகள் நன்றாகத்தான் உழைத்தன. ஆனால் உச்சிவெயில் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சுவிட்சைப் போட்டார்கள்.

சங்கத் தலைவியான தையல்காரி அசரவில்லை. துணியை வெட்டத் தெரிந்தவளுக்கு நேரத்தை வெட்டத் தெரியாதா? யாருக்கு எந்த நேரம் என்று முறை வகுத்தாள். அது நிலைத்துவிட்டால் தெருவில் கரண்டே போகாது. அதைச் செய்துகாட்டாமல் நாற்காலியை விடுவதில்லை என்றிருந்தாள்.

முதலில் எகிறியவர் இஸ்திரிக்காரர்.

"காலையில சூரியனே கொட்டாவி விட்டுட்டு இருக்கு. அந்த நேரத்தக் குடுத்தா நான் என்ன தங்கச்சி பண்றது?"

"இனிமே நீங்கதாண்ணே நேரக் கண்காணிப்பாளர். பாத்துச் செய்யுங்க."

பதவி கிடைத்ததும் அவர் குளிர்ந்துபோனார். உச்சிவெயிலை மொத்தமாகத் தன் பேருக்கே எழுதிக்கொண்டார்.

பேக்கரிக்காரர் கொதித்து வந்தார். அவரைப் புகார்க் குழுத் தலைவராக்கினாள். அவர் தன் புகாரைத் தானே வாங்கி, விசாரித்து, நூற்றுக்கு நூறு நியாயம் என்று தீர்ப்பும் சொன்னார். இந்த இருவரையும் சேர்த்துவைக்க, மாடிவீட்டு வாத்தியாரம்மா தலைமையில் சமரசக் குழு வந்தது. அதில் இடம் கிடைக்காதவர்கள் முறைத்தார்கள். அவர்களுக்கு இன்னொரு குழு. திறந்த வாயையெல்லாம் பதவியால் அடைத்தாள்.

விளைவு, தகடுகளில் தூசி ஏறியது. துடைப்பதை மேற்பார்வையிட ஏணியடியில் ஆறு பேர் நின்றார்கள், ஏறத்தான் ஆளில்லை. கரண்டு பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் எல்லாக் குழுக்களும் முதன்முறையாக ஒத்துப்போயின. தலைவியைத் தூக்க வேண்டும்.

கூட்டத்தில் வாத்தியாரம்மா சங்க விதியை வாசித்தார். தலைவியை நீக்கும் தீர்மானத்தில், பதவியில் இருப்பவர் எவரும் ஓட்டுப் போடக் கூடாது.

தையல்காரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளை எதிர்க்கும் அத்தனை பேரும் பதவியில் இருந்தார்கள்.

"அப்ப ஓட்டுப் போட யாருதான் மிச்சம்?" என்றார் பேக்கரிக்காரர்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அவளுடைய மாமியார். சொந்தமாக ஒரு பங்கு வைத்திருந்தவர். கரண்டைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால் பதவியும் கிடைக்கவில்லை. அவருடைய குறையெல்லாம் மருமகளைப் பற்றித்தான்.

தையல்காரி சட்டென்று எழுந்தாள். நாற்காலி போனால் முறையும் போய்விடும். வேகமாகப் பின்வரிசைக்குப் போய்க் குனிந்தாள்.

"அத்தை, உங்கள ஆலோசகராப் போடணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன்."

"நெனப்பு இருந்தாப் போதும்மா. நான் ஓட்டுப் போட்டுட்டுப் போறேன்."

பேக்கரிக்காரர் முகத்தில் நெடுநாள் கழித்து வெளிச்சம் வந்தது. மாமியாருக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா? தூக்கிடலாமா?"

மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. இவ தெருவ ஆண்டாத்தான் வீட்ட நான் ஆள முடியுது."