பாண்டிதுரையின் ஸ்டெபிலைசர்

இனிமேல் பாட்டு சாமான் எதுவும் வீட்டு வாசல்படி ஏறாது என்று பாண்டிதுரை அய்யனார் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். செய்ய வைத்தவள் அவன் மனைவி மாரிக்கனி. அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அப்போதே இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, பாதி பிரிந்த டிரம். பீரோவைத் திறந்தால் சேலைக்கு முன்னால் வயர் வந்து விழும்.

சத்தியம் செய்த அன்றைக்கே அதில் ஓட்டை தேட ஆரம்பித்துவிட்டான் பாண்டிதுரை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிறவனுக்கு ஆறாத காயம் ஒன்று இருந்தது. அவன் கிட்டார் சத்தம், கொசு மூக்கடைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும்.

கிட்டார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்பனைக்கு. கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பழைய அமெரிக்க ஆம்ப். பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது. மாடிஃபை செய்தது. பாண்டிதுரைக்கு அன்று சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். கம்பெனியில் ஒருவருக்கு நிச்சயதார்த்தம் என்று மாரிக்கனியிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான்.

விற்கிறவர் உப்பிலி, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் மெட்ராஸ் ஓட்டல்களில் கிட்டார் வாசித்தவராம். அமெரிக்காக் கரண்டுக்குச் செய்த பெட்டியை நம் ஊர்க் கரண்டுக்குத் தோதாக, உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மாற்றியிருந்தார். ஸ்பீக்கரையும் மாற்றியிருந்தார்.

"ஸ்விட்சைப் போட்டதும் கை வைக்கப்படாது. வால்வு சூடாகணும்" என்றார்.

பெட்டியின் முதுகில் மெல்ல ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. பாண்டிதுரை கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான். இத்தனை வருஷம் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் வெளியே கேட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உப்பிலியின் மனைவி ஹம்ஸா காப்பியோடு வந்தாள். பூப்போட்ட நைட்டி, மேலே ஒரு துண்டு.

"எந்த ஊர்?"

"ராஜபாளையம் மாமி."

"பேரு?"

"பாண்டிதுரை."

"ஓஹோ!" என்று மாமி தன் நைட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். "பேஷா எடுத்துண்டு போங்கோ. ஆம்பை ஏத்தறச்சே என் ஆம்படையானையும் சேர்த்து ஏத்திண்டு போயிடுங்கோ. ரெண்டும் ஒரே கனம், ஒரே இரைச்சல்."

ஆம்பை மட்டும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே எதிரொலிக்காக வைத்த ஸ்பிரிங் 'டங்ங்' என்றது, அவன் பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். என்ன சொல்லி உள்ளே கொண்டுபோவது? அப்போது ஒரு கடை போர்டு கண்ணில் பட்டது. ஏசி, பிரிட்ஜ், ஸ்டெபிலைசர். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே! கரண்டைப் பதமாக்குகிறதே! அப்படியானால் பாதி உண்மைதானே? மீதிப் பாதியை அய்யனார் பார்த்துக்கொள்வார்.

மாரிக்கனி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க இது?"

"ஸ்டெபிலைசர்."

"நிச்சயதார்த்தத்துல குடுத்தாகளா?"

"வார வழியில சல்லிசாக் கெடச்சது. கரண்டு ஏறி ஏறி எறங்குதுல்ல?"

"அதுக்கு இம்புட்டுப் பெருசாவா?"

"நம்ம ஊரு கரண்டுக்கு இம்புட்டு வேணும்."

மாரிக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"வால்யூம்னு போட்டிருக்கே?"

"வோல்ட்டு. அமெரிக்காக்காரன் அப்படித்தான் எழுதுவான்."

"இது பாஸ்னுல்ல இருக்கு?"

"கரண்டு பாஸ் ஆகுற எடம்."

"ட்ரெபிள்?"

"கரண்டு ட்ரபிள் குடுத்தா அதைத் திருகணும்."

"முன்னால எதுக்குத் துணி?"

"உள்ள சூடாகும். காத்து போக வர."

அவள் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். 'டங்ங்!'

"ஆத்தீ! உள்ள என்னமோ கத்துது!"

"ஸ்பிரிங்கு. கரண்டு துள்ளுச்சுன்னா அது தாங்கிக்கிடும்."

"அதெல்லாம் சரி. பிரிட்ஜுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. இது எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பாண்டிதுரை பதில் தயார் செய்திருக்கவில்லை. மூளை கைவிட்டது. வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"ஏசிக்கு."

"ஏசியா? நமக்கா?"

"வாங்கணும்ல. மொத ஸ்டெபிலைசர், பொறவு ஏசி. அதான மொறை?"

மாரிக்கனி முகம் மலர்ந்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே நைட்டி தைக்கிறவள். கோடைக்குக் கோடை ஏசி கேட்டு, கோடைக்குக் கோடை ஃபேன் துடைத்தவள்.

"செல்வலட்சுமிக்கா!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்கன வாங்க. எங்க வீட்டுக்கு ஏசி வருது! ஸ்டெபிலைசர் மொதல்லயே வந்திருச்சு!"

செல்வலட்சுமி வந்தாள், சுற்றிப் பார்த்தாள். "ஸ்டெபிலைசரே இந்தத் தண்டின்னா ஏசி எந்தத் தண்டிடீ?" என்று கேட்டுவிட்டுப் போய்த் தெரு முழுக்கச் சொன்னாள்.

அதன்பின் பாண்டிதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆம்ப் கூடத்தில். கிட்டார் பீரோவுக்குப் பின்னால். நடுவில் மாரிக்கனி. அவள் வீட்டைவிட்டு நகர்ந்தால்தானே வாசிக்க முடியும்?

"கோயிலுக்குப் போயிட்டு வாயேன் மாரி."

"காலு வலிக்குதுங்க."

"சுந்தரபாண்டியத்துல ஒன் தங்கச்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

"அவளே வாராளாம். ஏசி பாக்க."

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து பாண்டிதுரைக்கு உள்ளங்கால் தேய்ந்தது. ராத்திரி தூக்கத்தில் விரல் மட்டும் போர்வையில் கிட்டார் வாசித்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "ஏசி வந்திருச்சா?" என்று கேட்டார்கள். பால்காரர்கூடக் கேட்டார். பொறுக்கமாட்டாமல் தவணையில் ஏசி வாங்கிவிட்டான்.

மாட்ட வந்த மெக்கானிக் வேலுசாமி, வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அண்ணே, இது புது மாடல். இதுக்கு ஸ்டெபிலைசரே தேவையில்ல."

பாண்டிதுரை கண்ணைச் சிமிட்டினான். வேலுசாமி கூடத்துப் பெட்டியைப் பார்த்தான். "அட, இது..." என்று ஆரம்பித்தான். பாண்டிதுரை காசநோய் வந்தவன்போல இருமினான்.

"...நல்ல ஸ்டெபிலைசர்ணே" என்று முடித்துவிட்டு வேலுசாமி கிளம்பினான்.

மாரிக்கனி தையல் மெஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். கதவை அடைத்தாள். ஜன்னலை அடைத்தாள். ஏசிக்கு நேர் கீழே நின்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுக் கிட்டாரை எடுத்தாள். முந்தானையால் துடைத்து அவன் மடியில் வைத்தாள்.

"வாசிங்க."

"எதை?"

"ஸ்டெபிலைசரை."

பாண்டிதுரைக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. "ஒனக்கு... எப்பத் தெரியும்?"

"ஹம்ஸா மாமி எங்கிட்டத்தான் நைட்டி எடுக்காக. நீங்க அங்க காப்பி குடிச்சு முடிக்கல, போன் வந்திருச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா ஏசி வந்திருக்குமா?"

"அய்யனார் கோவில்ல சத்தியம்..." என்று இழுத்தான்.

"பாட்டு சாமானா வாங்குனீங்க? ஸ்டெபிலைசர்தான? நீங்க வாசிங்க."

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசை ஓடி வந்துவிட்டது. வயரை மாட்டினான். வால்வு சூடாகும்வரை கால் தானாக ஆடியது. ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை நாள் தவிப்பையும் சேர்த்து ஒரே இழுப்பாகக் கம்பியை மீட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாண்டிதுரைக்கு மேலே சொர்க்கம் தெரிந்தது.

தோளில் தையல் ஸ்கேல் வந்து தட்டியது.

"வோல்ட்டைக் கொஞ்சம் கொறைங்க. எம் மெஷின் ஓடுறது கேக்கல."