நிச்சயமாகத்தான் சொல்கிறேன், நாடீன்

எங்கள் வீட்டில் முடிவெடுப்பது ஹெக் ஆகிய நான். தலையாட்டுவது என் மனைவி நாடீன். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. துலூத் விஷயத்தில் மட்டும் அந்தத் தலை ஆடவில்லை.

நாடீன் பிட்ஸ்பர்க் வானிலை ஆபீசில் வேலை பார்க்கிறாள். துலூத்தில் அவளைத் தலைமைப் பதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏரிக்கரை ஊர். குளிரில் காது உறைந்து விழுந்தால் ஏப்ரலில்தான் தேடி எடுக்கலாம். நான் வரமாட்டேன், அவளையும் விடமாட்டேன் என்று தீர்மானித்தேன்.

அதற்கு என் தொழிலையே ஆயுதமாக எடுத்தேன். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் ஏ.ஐ. இருக்கிறதே, அதை வளர்ப்பதுதான் என் வேலை. தெரியாததையும் அது பண்டிதர் குரலில் சொல்லும். அதனால் ஒவ்வொரு பதிலோடும் எத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்லப் பழக்குகிறோம். தொண்ணூறு என்று பத்து முறை சொன்னால் ஒன்பது முறை சரியாக இருக்க வேண்டும். நிச்சயமாகச் சொல்லி ஜெயித்தால் நிறைய மார்க், நிச்சயமாகச் சொல்லித் தோற்றால் பலத்த அடி. தயங்கிச் சொன்னால் இரண்டும் கொஞ்சம்தான்.

"இதே விதியில ஒரு போட்டி. ஜெயிக்கிறவங்க துலூத் பத்தி முடிவு பண்ணலாம்" என்றேன்.

"சரி" என்றாள். கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் என் கணக்கு வேறு. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் "மழைக்கு எண்பது சதவீதம்" என்பவள் அவள். அப்படிப்பட்டவள் எத்தனை மார்க் எடுத்துவிடப் போகிறாள்?

பக்கத்து வீட்டு லொரெய்ன் நடுவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில், நாங்கள் செய்த பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே கேள்வி கேட்டாள்.

"லாஸ் ஏஞ்சலஸ், ரீனோ. ரெண்டுல எது இன்னும் மேற்கே இருக்கு?"

"லாஸ் ஏஞ்சலஸ். கடலோர ஊராச்சே. நூறு."

"ரீனோன்னு தோணுது. அறுபது" என்றாள் நாடீன்.

"பாலைவனத்துல இருக்கிற ஊரு, நாடீன்."

"அதனாலதான் அறுபது."

லொரெய்ன் போனில் வரைபடத்தைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ரீனோதான்.

"படத்துல ஏதோ கோளாறு" என்றேன்.

"அதுக்கும் நூறா?" என்றாள் லொரெய்ன்.

அதன்பிறகு எனக்குச் சனி பிடித்தது. தெரிந்ததற்கும் நூறு, தெரியாததற்கும் நூறு. விழுந்த அடிக்குக் கணக்கே இல்லை. நாடீன் எழுபது, ஐம்பத்தைந்து, "இது எனக்குத் தெரியாது" என்று தட்டைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் லொரெய்ன் மார்க்கைச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பியரோகியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பூஜ்யத்துக்கும் கீழே இடம் இருப்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

"உன்னை எனக்குத் தெரியும், அதான் உடனே சரின்னேன்" என்றாள் நாடீன். " ஹீட்டர் ரிப்பேருக்கு ஆளே வேண்டாம், நூறு சதவீதம் நானே சரி பண்ணிடுவேன்னு சொன்னே. பனிக்காலம் பூரா லொரெய்ன் வீட்டு சோபாவுல படுத்தோம்."

"அது சின்ன தப்பு."

"எங்களுக்கெல்லாம் வானம் தினமும் குட்டு வைக்கும், ஹெக் சார். வெயில்னு சொல்லி நனைஞ்சா மறுநாள் வாய் தானா அடங்கிடும். உனக்கு யார் குட்டினாங்க?"

நான் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"உங்க ஏ.ஐ.க்கு ஏன் இவ்வளவு திமிர்னு நீதானே ஒரு நாள் சொன்னே? உறுதியா பேசுற பதிலுக்கே மனுஷங்க சபாஷ் போட்டாங்க, அதுவும் உறுதியாவே பேசக் கத்துக்கிச்சுன்னு. இந்த வீட்டுல சபாஷ் போட்டது நான்தான். இத்தனை வருஷம் சண்டை வேண்டாம்னு தலையாட்டினேன். உன்னைக் கெடுத்தவளே நான்தான்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மழைச் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள். அது சுட்டது. ஊரில் இருக்கிற இயந்திரத்துக்கெல்லாம் அடக்கம் சொல்லிக்கொடுத்தவன், வீட்டில் ஒரு முறைகூடத் 'தெரியவில்லை' என்று சொன்னதில்லை.

சரி, தோற்றாயிற்று. மாடியேறிப் பரணிலிருந்து இரண்டு பெட்டியையும் இறக்கினேன். என் கம்பளிக் காலுறைகளைத் தேடிப்பிடித்து ஒன்றில் அடுக்கினேன். நாடீன் அறைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"போட்டியில தோத்துட்டேன். துலூத்துக்கு வரேன்."

"நான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன்னு எவ்வளவு நிச்சயம்?"

நூறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். காலுறையைப் பார்த்தேன். என் ஆயுளிலேயே முதல் தடவையாக நிதானமாக யோசித்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஐம்பது."

நாடீன் பெட்டியிலிருந்த என் காலுறைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"பரவாயில்லையே, தேறிட்டே" என்றாள். "ஆனா இப்பவும் கொஞ்சம் அதிகமாத்தான் சொல்றே."