வெள்ளிக்கிழமைக்குள் வெளுக்க வேண்டும்

முகத்தில் அப்பிய பயத்தமாவு காய்கிறவரை சிரிக்கக் கூடாது என்று ராசம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சிரிப்பதற்கு மயிலாத்தாளிடம் காரணம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அன்று செவ்வாய்.

முன்பு வந்து போன இரண்டு இடத்தாரும் சாதகத்தைக் குறை சொல்லவில்லை. பலகாரத்தையும் குறை சொல்லவில்லை. வண்டி ஏறும்போது, "பொண்ணு கொஞ்சம் கருப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த இடமும் தட்டிப்போனால், இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்னூர்க்காரருக்கே முடித்துவிடுவதாக அப்பா செங்கோட்டையன் சொல்லிவிட்டார். அன்னூர்க்காரர் அப்பாவைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது வருகிறவர்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் இப்படி ஒரு பெண் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, வருகிறார்களே.

கருப்புக்குக் காரணம் கோயமுத்தூர்ச் சந்தைதான் என்று அம்மா பழனாத்தாள் முடிவு கட்டினாள். தோட்டத்துக் கத்திரிக்காயை வண்டியில் ஏற்றிப் போய், வெயிலில் உட்கார்ந்து விற்பது மயிலாத்தாள். அப்பா போனால் பாதிக் காயைக் கொசுறாகவே கொடுத்துவிட்டு வருவார். மயிலாத்தாளிடம் அது நடக்காது. போன வாரம்கூட ஏழுகல் மூக்குத்தி போட்ட ஓர் அம்மாள், நிழல் காலடிக்கு வரும்வரை நின்று பேரம் பேசிப் பார்த்தாள். கடைசியில், ஒரே ஒரு காய் சேர்த்துப் போடச் சொன்னாள்.

"மூக்குத்தியப் பாத்தா கொசுறு கேக்கறவங்களாட்டத் தெரியலீங்களே" என்றாள் மயிலாத்தாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது அவள் சந்தைக்குப் போவது நின்றுவிட்டது. மயிலாத்தாளை வெளுக்க வைக்கும் பொறுப்பை அடுத்த தோட்டத்து ராசம்மாள் ஏற்றுக்கொண்டாள். அவள் புருஷனுக்கு டவுன் மில்லில் வேலை. பழைய பத்திரிகைகள் கொண்டுவந்து தருவான். முகத்துக்குப் பூசும் ஸ்நோ டப்பி வாங்க வசதியில்லாத பெண்கள் அடுக்களைச் சாமானிலேயே அழகாகலாம் என்று ஒன்றில் போட்டிருந்தது.

பயத்தமாவும் தயிரும் இறுகியபோது அவள் முகம் தண்ணீர் வற்றிய குளம்போல வெடித்திருந்தது. கன்றுக்குட்டி வந்து ஒரு கன்னத்தை நக்கிவிட்டுப் போனது. மீதியைக் கழுவியதும் பழைய மயிலாத்தாளே திரும்பி வந்தாள்.

அடுத்தது கஸ்தூரி மஞ்சள். அது விலை அதிகம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதும் மஞ்சள்தானே என்றாள் ராசம்மாள். வெளுக்க வேண்டியது நிறைய இருந்ததால் கை நிறைய அள்ளிக் குழைத்தாள். கழுவிய பிறகு மயிலாத்தாள் திருவிழாவன்று மாரியம்மன் இருப்பதுபோல மங்களகரமாக இருந்தாள். தேய்க்கத் தேய்க்க மங்களம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"சேலையில பட்ட மஞ்சளைச் சலவைச் சோடா எடுக்குது. மூஞ்சி என்ன, சேலையவிடக் கெட்டியா?" என்றாள் ராசம்மாள்.

வியாழக்கிழமை காலையில் சோடாவைக் கரைத்துப் பூசினார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சோடாவுக்கும் அந்தக் குணம் உண்டென்பது அவர்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

தோட்டத்திலிருந்து வந்த அப்பா மகளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "ஏம்புள்ள, மாப்பிள்ளை ஊட்டாரு நாளைக்குத்தான வாராங்க? இன்னைக்கே எதுக்கு ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கறீங்க?"

அம்மா புளியைக் கரைத்துக்கொண்டு வந்து தானே தேய்த்தாள். சிவப்புப் போய், விட்ட இடத்துக்கு மஞ்சள் திரும்பி வந்தது. கூடவே எரிச்சலையும் வீக்கத்தையும் அழைத்து வந்தது. பொழுது சாய்வதற்குள் மயிலாத்தாளின் கண்கள் இரண்டும் இரண்டு கோடுகளாகிவிட்டன. அந்தக் கோடுகளின் வழியாக அவளுக்கு அன்னூர் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ராசம்மாள், தீபாவளிக்குப் புருஷன் வாங்கித் தந்த பவுடர் டப்பியைக் கொண்டுவந்து அடியைத் தட்டினாள். ஒரு கன்னத்துக்குத்தான் ஆயிற்று. மற்றதற்கெல்லாம் பச்சரிசி மாவைச் சலித்து அப்பினாள்.

மயிலாத்தாள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, இது நானாட்டவே இல்லீங்க."

"அதுக்குத்தான கண்ணு இத்தனை பாடு."

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். மயிலாத்தாள் தண்ணீர்ச் சொம்புடன் தலை குனிந்து போனாள். வேகமாக நடந்தால் மாவு உதிரும். ஆகவே தேர் நகர்வதுபோலப் போனாள். நல்ல அடக்கம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. குனிந்த பார்வையில் மாப்பிள்ளையின் கை தெரிந்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத இரும்புக் கருப்பு விரல் இடுக்குகளில் படிந்திருந்தது. அந்தக் கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் பயம் இன்னும் கூடியது.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொம்பை நீட்டும்போது நிமிர்ந்துதான் ஆக வேண்டும். நிமிர்ந்தாள்.

ஏழுகல் மூக்குத்தி.

அரிசி மாவுக்குள் அவளுக்கு வியர்த்தது. அந்த ஒரு கத்திரிக்காயை, வேண்டாம், ஒரு கூடைக் கத்திரிக்காயையே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். சந்தையில் பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொள்ள பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இனி அன்னூர்தான்.

அந்த அம்மாள் சொம்பை வாங்கினாள், குடிக்கவில்லை. மயிலாத்தாளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அடுக்களைக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டாள்:

"ஏனுங்க, ஒத்தைக் கத்திரிக்கா சேத்துக் குடுக்க மாட்டேன்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னுதே, அந்தக் கருத்த அம்மணியத்தானுங்க நாங்க கேட்டு வந்தோம், இது ஆருங்க?"