சோறு வேகவிட்ட வால்வு

ஒரு காட்டில் யானைகளின் லத்தியெல்லாம் வீணாகப் போகிறதே என்று கவலைப்பட்டு, அதிலிருந்து கேஸ் எடுத்துப் பொதுச் சமையற்கட்டுக்குக் குழாய் போட முடிவு செய்தார்கள். குழாய் எந்த வழியாகப் போகலாம் என்று கூட்டம் நடந்தபோது, தன் வீட்டு வழி மட்டும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். செங்கமலம் என்ற முள்ளம்பன்றி, குட்டிகளுக்குக் காய்ச்சல் என்று கூட்டத்துக்கு வரவில்லை. குழாய் அவள் வளைக்கு மேலே போனது.

கேஸ் கசிந்தால் என் குட்டிகள் என்ன ஆவார்கள் என்று அவள் அழுதாள். சிங்கராஜா மனமிரங்கி, கசிவு வந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று வாங்கச் சொன்னது. நரி மந்திரி இரண்டு வால்வுகளை வரவழைத்தது. ஒன்று மங்கல், இன்னொன்று பளபளப்பு.

சோதனை நடந்தது. ஃபிட்டர் குரங்கு வேண்டுமென்றே குழாயின் இணைப்பைத் தளர்த்தியது. மங்கல் வால்வு டக்கென்று மூடிக்கொண்டது. பளபள வால்வு அசையவே இல்லை. எனவே மங்கலானதையே மாட்டினார்கள். இதுவரை யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை, காட்டில் அப்படியும் சில நாட்கள் உண்டு.

சிங்கத்தின் மாமனார் விருந்துக்கு வந்த அன்று, உலை கொதிக்கும்போது வால்வு மூடிக்கொண்டது. அடுப்பு அணைந்தது. மாமனாருக்கு அரைவேக்காட்டுச் சோறுதான் கிடைத்தது.

செங்கமலம் பதறி ஓடிவந்து குழாயில் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஓர் இணைப்பில் குமிழ் குமிழாக நுரை கிளம்பியது.

"பாருங்கய்யா, இங்கதான் கசியுது. வால்வு மூடலைன்னா இன்னிக்கு எல்லாரும் போயிருப்போம்."

"சோப்புன்னா நுரை வரத்தாம்மா செய்யும்," என்றது குரங்கு, அந்த இணைப்பில் ஒரு கந்தலைச் சுற்றிவிட்டு.

"யாரும் போகலையே?" என்றது நரி. "வெடிச்சிருந்தா நம்பலாம். வெடிக்காததை வச்சு எதைம்மா நம்புறது?"

மறுசோதனை வைத்தார்கள். இந்த முறை அடுப்பில் உலை வைத்து, எந்த வால்வு சோற்றை வேகவிடுகிறதோ அதுவே சிறந்தது என்றார்கள். மங்கல் வால்வு மறுபடி மூடிக்கொண்டு தோற்றது. பளபள வால்வில் சோறு பூப்போல வெந்தது. அதற்கு மாலை போட்டு மாட்டினார்கள்.

செங்கமலம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். தானே தோண்டிய வளையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த மாதமே சமையற்கட்டு வெடித்தது. சிங்கத்தின் பிடரி கருகியது. சமையல்காரக் கரடிக்கு ஒரு காது போனது. செங்கமலத்தை இழுத்துவந்து விசாரித்தார்கள்.

"வெடிக்கும்னு தெரிஞ்சு ஓடினது இந்தம்மா ஒருத்திதான், ராஜா," என்றது நரி.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேய்யா."

"சொன்னே. நீ சொன்னதைக் கேட்டோம், நீ ஓடினதைக் கவனிக்கலை. அது எங்க தப்பு."

சிங்கம் நெகிழ்ந்துபோனது. "இப்படி ஒரு மூக்கை வச்சுக்கிட்டு நமக்கு வால்வு எதுக்கு? இனிமே செங்கமலம் ஓடினா எல்லாரும் ஓடிடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். குரங்குக்கு மட்டும் ஒரு சந்தேகம். "முன்ன மாதிரி இவங்க சொல்லாம கொள்ளாம போயிட்டா?"

நியாயமான கேள்விதான். புதுச் சமையற்கட்டு எழுந்ததும், குழாய்க்கு அடியில் செங்கமலத்தைச் சங்கிலியால் கட்டினார்கள். தாயைப் பிரிக்கக் கூடாது என்று குட்டிகளையும் பக்கத்திலேயே கட்டினார்கள். பிறகு முறைப்படி சோதனை நடந்தது. குரங்கு இணைப்பைத் தளர்த்தியது. செங்கமலம் அலறினாள், கழுத்தில் ரத்தம் வரும்வரை சங்கிலியை இழுத்தாள். சங்கிலி நல்ல சங்கிலி.

"ஓடலை. அப்போ ஆபத்து இல்லை," என்றது நரி. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

நீதி: ஆபத்தை முன்கூட்டியே அறிபவர்களை ஒருபோதும் கைவிடாதீர்கள், இறுக்கிக் கட்டி வையுங்கள். அவர்கள் ஓடாதவரை நாம் நிம்மதியாகச் சாப்பிடலாம்.