பட்டி என்று முடியும் ஊர்

ஊர்ப் பெயர் ‘பட்டி’ என்று முடியும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்றார் விஸ்வநாதன்.

“அதுக்கு முன்னால என்னங்கய்யா வரும்?” என்று நாகராசு கேட்டான்.

“அதுதான் மறந்துபோச்சு. தாத்தா சொல்லும்போது நான் சின்னப் பிள்ளை. பட்டி மட்டும் மனசுல நின்னுபோச்சு.”

திருமயம் கோட்டை உச்சியில் நின்றுகொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிந்த ஊர்களில் பாதி பட்டி என்றுதான் முடியும்.

“வேற அடையாளம் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஊருணிக்கரையில வீடு. பக்கத்துல புளியமரம். தாத்தா பேரு கருப்பையா.”

நாகராசு மறுபடி ஒருமுறை கீழே பார்த்தான். ஊருணி, புளியமரம், கருப்பையா, இந்த மூன்றும் இல்லாத ஊர் இந்த ஜில்லாவில் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

திருமயத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாகராசுவுக்கு இந்த வேலை மைத்துனன் வழியாக வந்து சேர்ந்தது. மைத்துனன் திருமுருகன் மலேசியாவில், ஈப்போவில் விஸ்வநாதனின் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். முதலாளி ஊருக்குப் போகிறார் என்றதும், “எங்க மச்சானுக்குத் தெரியாத ஊரே புதுக்கோட்டைப் பக்கம் கெடையாது” என்று வாயை விட்டுவிட்டான். காலையில் நாகராசு கிளம்பும்போது மனைவி இலக்கியா வாசல்வரை வந்து சொன்னாள்: “தம்பிக்கு வேலை பெர்மிட் புதுப்பிக்கிற நேரம். மொதலாளி மனசு குளுந்து போகணும். ஊரு கெடைக்கலன்னு மட்டும் சொல்லிறாதீங்க.”

கோட்டையில் ஏறி இறங்கினால் களைத்துவிடுவார்கள், நல்ல சாப்பாடு ஒன்று வாங்கிக் கொடுத்துத் திருச்சிக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் நாகராசுவின் திட்டம். ஆனால் மூச்சு வாங்கியது அவனுக்குத்தான். விஸ்வநாதனின் மனைவி கௌசல்யா பீரங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, “கோட்டை நல்லா இருக்கு. ஊருக்கு எப்பப் போறோம்?” என்றார்.

“மொதல்ல சாப்பிட்டுருவோமேம்மா.”

“நாங்க ஓட்டல்லயே நல்லா பசியாறிட்டோம். ஊரைப் பாத்துட்டே சாப்பிடலாம்.”

கீழே கார் நின்றது. அவர்களே திருச்சி விமான நிலையத்திலிருந்து பேசிக் கூட்டிவந்த கார். ஓட்டுநர் ஞானமணி ஆவூர்க்காரன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். நாகராசு முன்சீட்டில் ஏறி, குரலைத் தாழ்த்தி, “தம்பி, பக்கத்துல ஊருணி இருக்குற பட்டி ஏதாச்சும் தெரியுமா?” என்றான்.

“எல்லாப் பட்டியிலயும் இருக்குங்க.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்.”

“நீங்க சொல்ற எடத்துக்குப் போறதுதாங்க என் வேலை.”

கொஞ்ச தூரம் போனதும் கிளைச் சாலையில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தது. ஈச்சங்காட்டுப்பட்டி. நாகராசு கையை நீட்டினான். கார் திரும்பியது.

“ஈச்சங்காட்டுப்பட்டி” என்று விஸ்வநாதன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். “இருக்கலாம்” என்றார்.

அந்த ‘இருக்கலாம்’ நாகராசுவுக்குப் போதுமானதாக இருந்தது. “இருக்கலாம் என்னங்கய்யா, இதேதான்” என்றான்.

ஊருணி இருந்தது. கரையில் புளியமரமும் இருந்தது. விஸ்வநாதன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றார். கௌசல்யா அவரைப் படம் எடுத்தார். நாகராசுவுக்கு வேலை முடிந்தது போலத்தான் இருந்தது, விஸ்வநாதன் திரும்பி, “வீடு எது?” என்று கேட்கும்வரை.

மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. அந்தப் பக்கத்து வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம் இருந்தது. இந்தப் பக்கத்து வீடு சாத்திக் கிடந்தது. சாத்திய வீடு எதையும் மறுத்துப் பேசாது.

“இந்தா, இதுதாங்கய்யா. ஆளுக வெளியூரு போயிட்டாக. பூட்டித்தான் கெடக்கும்.”

ஆடு நுழையாமல் இருக்கச் சாத்திவைத்திருந்த கதவுதான் அது. திறந்துகொண்டு, கழுவவேண்டிய பாத்திரங்களோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நடுவயது. பெயர் மூக்காயி.

“யாருங்க, என்ன வேணும்?”

நாகராசு அவளைச் சுவரோரமாக ஒதுக்கிக் கொண்டுபோனான். “அக்கா, ஒரு சின்ன ஒத்தாசை. மலேசியாவுலேருந்து வந்திருக்காக. அவக தாத்தா கருப்பையா இந்த வீட்டுலதான் இருந்தாருன்னு நெனைக்கிறாக. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“இது கவர்மெண்ட்டு குடுத்த வீடு. கட்டுன வருசம் செவுத்துலயே எழுதியிருக்கு பாருங்க.”

எழுதித்தான் இருந்தது, சைக்கிளில் போகிறவன்கூடப் படிக்கிற அளவில். நாகராசு அந்த எழுத்துகளின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். “பழைய வீடு இருந்த எடம்னு சொல்லுங்க.”

மூக்காயி வந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். வெறுங்காலோடு நின்ற விஸ்வநாதனின் கண் கலங்கியிருந்தது. பாத்திரங்களைக் கீழே வைத்தாள்.

“கருப்பையா பேரனா?” என்றாள். “எங்க அப்பாவுக்குப் பெரியப்பாவுல்ல அவரு. கப்பலேறிப் போனவரு திரும்பலைன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறையில்ல ஆகணும்.”

ஒரு வார்த்தை என்பது மூக்காயிக்குப் பழக்கமில்லாத அளவு. கௌசல்யாவைக் கட்டிப்பிடித்து, “மதினி, இம்புட்டு நாளு எங்க இருந்தீக” என்று அழ ஆரம்பித்தாள். அழுகை உண்மையாகவே வந்தது. கௌசல்யாவும் அழுதார். மூக்காயி அழுதுகொண்டே, “சாப்பிடாமப் போனீகன்னா நான் தங்கச்சியே இல்ல” என்று சொல்லி, கோழி பிடிக்க ஆள் அனுப்பினாள்.

சத்தம் கேட்டு, மரத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உதயசூரியன். மூக்காயிக்குப் பங்காளி. நடுவில் நிற்கும் புளியமரம் யாருக்கு என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. இது நாகராசுவுக்குத் தெரியாது.

“புளியமரத்து வீட்டுக் கருப்பையாவா?” என்றார் உதயசூரியன், ஊருணியைப் பார்த்து. “அப்ப அது எங்க வீட்டு ஆளு. மரம் எங்களுதுல்ல.”

“மரம் யாருதுன்னு சொல்ல அண்ணனே வந்து நிக்குது” என்றாள் மூக்காயி, அவளும் ஊருணியைப் பார்த்து. “எங்க வீட்டுக்குத்தானே மொதல்ல வந்துச்சு.”

“வழி தெரியாம வந்திருப்பாரு.”

விஸ்வநாதன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப தாத்தா எந்த வீடு?” என்று நாகராசுவைக் கேட்டார்.

முதுகால் மறைத்திருந்த சுவரெழுத்தை விட்டு நகரவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல் நாகராசு தவித்தான். சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“ரெண்டு வீடும்தாங்கய்யா. கருப்பையாவுக்கு ரெண்டு சம்சாரம்.”

கௌசல்யா கணவரைப் பார்த்த பார்வை, ஏதோ தப்பை அவரே செய்ததுபோல இருந்தது.

“அப்பல்லாம் அப்படித்தாங்கம்மா. மொத சம்சாரம் செத்தப்பறம்தான்…” என்று நாகராசு இழுத்தான்.

“எது மொதச் சம்சாரம்?” என்றாள் மூக்காயி. “எங்க வீட்டு ஆளையா சாகடிச்சிட்டீரு?”

“மூத்தது எங்க வீடு” என்றார் உதயசூரியன். “மரம் மூத்தவ வீட்டுக்குத்தான்.”

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கருப்பையாவை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவருடைய மூத்த மனைவி கறுப்பா சிவப்பா என்பதுவரை பேச்சு வந்துவிட்டது. யாரோ ஒருவர், “எதுக்குத் தர்க்கம், அவரு பேரனே வந்திருக்காருல்ல, அவரு சொல்லட்டும்” என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நாற்காலி வந்தது. விஸ்வநாதன் புளியமரத்தடியில் உட்காரவைக்கப்பட்டார்.

இனி உண்மையைச் சொன்னால் முதலாளி மட்டுமல்ல, ஊரே நாகராசுவைப் பிடித்துக்கொள்ளும்.

விஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லாமல் மாட்டிக்கொண்டார்.

“புளி ரெண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி” என்றார். “நெழல் எல்லாருக்கும். நீங்க ரெண்டு பேரும் இப்ப என் முன்னால ஒரு வார்த்தை பேசிக்கணும்.”

உதயசூரியன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல்முறையாக மூக்காயியைப் பார்த்து, “கொழம்புல காரம் கம்மியாப் போடு. அவக தாங்க மாட்டாக” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் மூக்காயி.

சாப்பாடு இரண்டு வீட்டிலும் நடந்தது. கோழி மூக்காயி வீட்டில், பாயசம் உதயசூரியன் வீட்டில். விஸ்வநாதன் இரண்டு இடத்திலும் மறுசோறு வாங்கினார். நாகராசுவுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கை கழுவிவிட்டு விஸ்வநாதன், “நம்ம குலசாமி எங்க இருக்கு?” என்று கேட்டார். ஊரே திரண்டு அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனது. பூசாரி கருப்பையா வம்சம் என்று சொல்லித் தேங்காய் உடைத்தார். விஸ்வநாதன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அடுத்தவர் குலசாமி முன்னால் ஒருவரை விழவைத்துவிட்டோமே என்று நாகராசு அய்யனாரின் அரிவாளை நிமிர்ந்து பார்க்காமல் நின்றான். தன் கன்னத்தில் மட்டும் பலமுறை போட்டுக்கொண்டான்.

கிளம்பும்போது காரின் பின்புறம் புளி, கடலை, ஒரு பூசணிக்காய் எல்லாம் ஏறியிருந்தன. கௌசல்யாவின் தலை நிறையப் பூ. மூக்காயி கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவ புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்கண்ணே” என்றாள். பக்கத்தில் நின்ற உதயசூரியன், “ரெண்டு வீட்லயும் தங்கணும்” என்றார்.

தார்ச்சாலை வந்ததும் நாகராசு பின்பக்கம் திரும்பினான். “ஐயா, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். அந்த ஊரு…”

“ஒண்ணும் சொல்லவேணாம் தம்பி” என்றார் கௌசல்யா. “மனசு நெறைஞ்சுபோயிருக்கு. ஒங்க மைத்துனரைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவரு எங்க வீட்டுப் பிள்ளை.”

விஸ்வநாதன் அதற்குள் கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்திருந்தார். நாகராசு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். நினைத்த காரியம் முடிந்துவிட்டது. அதுதான் அவனை இன்னும் கஷ்டப்படுத்தியது.

திருமயத்தில் டீக்கடை ஓரம் கார் நின்றது. விஸ்வநாதனும் கௌசல்யாவும் முகம் கழுவப் போனார்கள். நாகராசு டீ கிளாஸைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரிடமாவது சொல்லாவிட்டால் வீடு போய்ச் சேரமுடியாது போலிருந்தது.

“தம்பி, அது அவரு ஊரே இல்ல” என்றான் ஞானமணியிடம். “போர்டப் பாத்துக் கையக் காட்டிட்டேன். அந்தம்மா சொந்தமே இல்ல. கருப்பையாவுக்கு ரெண்டு சம்சாரம்னு நானாத்தான் சொன்னேன். பாவம், வயசான மனுசன், செருப்பக் கழட்டிட்டு நின்னாரு. என்னைக்காவது தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. அவருகிட்ட சொல்லிறலாமா?”

ஞானமணி டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்தான்.

“ஐயாவோட நெசமான ஊரு அவரு மொத வருசம் வந்தப்பவே கெடச்சிருச்சுங்க. அப்பவும் நான்தாங்க வண்டி ஓட்டுனேன். நெலத்துல பங்கு கேக்க வந்திருக்காருன்னு சொந்தக்காரங்க கதவச் சாத்திட்டாங்க. அதுலேருந்துதாங்க வருசத்துக்கு ஒரு பட்டி.”